24 அறை அஞ்சறைப் பெட்டி: ஜெர்மன் சொல் அட்டைகள் வாங்கலாமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அட்டைகள் நல்ல அட்டைகள், அடுக்கியிருக்கிற விதம்தான் கோளாறு. வாங்கினால் முதல் வேலையாக எல்லாவற்றையும் பாயில் கொட்டிக் கலைத்துவிடுங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இத்தோடு போய்விடலாம். மற்றவர்களுக்கு ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் ஸ்டாஃப் நர்ஸ், மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. எங்கள் வார்டிலேயே நாலு பேர் ஜெர்மன் படிக்கிறோம், காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஜெர்மனியில் நர்ஸ் வேலை. ஆன்லைன் வகுப்பு, வாரத்தில் ஐந்து நாள், நைட் டியூட்டி விழுகிற வாரத்தில் பாதி வகுப்பு தூக்கத்தில் போகும். இலக்கணத்தை எப்படியோ சமாளித்துவிடலாம், சொற்கள்தான் மலை. ஏ1 என்கிற தொடக்க நிலைக்கு, ஜெர்மன் தேர்வு நடத்துகிற கோதே நிறுவனம் தருகிற பட்டியலில் சுமார் 650 சொற்கள், பி1 என்கிற நடு நிலை என்றால் 2,400 பக்கம் போகும். இதில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் டேர், டீ, டாஸ் என்று மூன்றில் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், சிறுமி இரண்டும் இல்லை. இதில் என்ன நியாயம் என்று கேட்டால் டீச்சரே சிரிக்கிறார். மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

அதனால்தான் இந்தப் பெட்டி. பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இதே மாதிரி நாலைந்து பெட்டிகள் ஆன்லைனில் கிடைக்கின்றன, எல்லாம் ஒரே சாயல், எதை வாங்கினாலும் நான் சொல்வது பொருந்தும். 600 அட்டை, 24 அறை, அறைக்கு 25. விலை 1,799 போட்டு அடித்து 1,450க்குத் தந்தார்கள். பழங்கள் ஓர் அறை, காய்கறி ஓர் அறை, உடல் உறுப்பு, துணிமணி, கிழமையும் மாதமும், பாத்திரம் பண்டம், உறவுமுறை என்று பிரித்துப் பிரித்து வைத்திருக்கிறார்கள். திறந்தவுடனே அம்மா, "என்னடி இது, அஞ்சறைப் பெட்டி கணக்கா இருக்கு" என்றாள். பார்க்க அவ்வளவு அழகு. எனக்கும் பார்த்தவுடனே மனசு நிறைந்துவிட்டது, பாதி ஜெர்மன் படித்து முடித்த மாதிரி ஓர் எண்ணம்.

முதல் நாள் பாத்திர அறையை எடுத்தேன். கரண்டி டேர் லொஃபெல், முள்கரண்டி டீ காபெல், கத்தி டாஸ் மெஸ்ஸர். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில், மூன்றுக்கும் மூன்று பால். அரை மணி நேரம் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தேன், நன்றாக ஏறிவிட்டது. அடுத்த நாள் வகுப்பில் டீச்சர் ஒரு முள்கரண்டியை கேமரா முன்னால் தூக்கிக் காட்டி இது என்ன என்று கேட்டதும் மூன்று சொல்லும் ஒன்றாக வாசலுக்கு ஓடி வந்து நெருக்கிக்கொண்டு நின்றன. "டேர் மெஸ்ஸர்" என்றேன். சொல்லும் தப்பு, பாலும் தப்பு. சொல் தெரியாமல் இல்லை, மூன்றுமே தெரியும், எது எதுவென்றுதான் தெரியவில்லை. இந்த வித்தியாசம் முக்கியம், மறுபடி இதற்கு வருகிறேன்.

கிழமைகளிலும் இதே கதை. செவ்வாய் டீன்ஸ்டாக், வியாழன் டோனர்ஸ்டாக். இன்று வரைக்கும் எனக்கு ஒரு நொடி யோசனை வேண்டியிருக்கிறது. புதன் மட்டும் மறக்கவே மறக்காது, மிட்வோக், மற்ற ஆறுக்கும் வாலில் டாக் இருக்க இதற்கு மட்டும் இல்லை, கூட்டத்தில் ஒருத்தி மட்டும் வேறு நிறச் சேலை கட்டி வந்தால் அவள் முகம்தானே நினைவிருக்கும், அந்த மாதிரி. உடல் உறுப்பு அறை இன்னும் மோசம், என் தொழிலுக்கு அதுதான் உயிர். எலும்பு க்னோஹன், கணுக்கால் க்னோஹெல், முழங்கால் க்னீ. மூன்று அட்டையும் அடுத்தடுத்து. நோயாளி கணுக்கால் என்று சொல்ல நான் எலும்பு என்று எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்தபோதுதான் பெட்டி மேல் சந்தேகம் வந்தது. அதுவரை என் மூளை மேல்தான் சந்தேகம்.

பெட்டிக்குள் ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. தொடர்புள்ள சொற்களைச் சேர்த்துப் படித்தால் பல மடங்கு நினைவில் நிற்கும், அறிவியல் நிரூபித்தது என்று போட்டிருக்கிறார்கள். யார், எப்போது என்று ஒன்றும் இல்லை. நான் கொஞ்சம் தோண்டினேன், டியூட்டியில் இரவு இரண்டு மணிக்கு மேல் வார்டு அடங்கிவிட்டால் வேறென்ன வேலை. சீட்டு பொய் சொல்லவில்லை. 1953இல் பௌஸ்ஃபீல்ட் என்பவர் 60 சொற்களைக் கலைத்துப் போட்டுப் படித்துக் காட்டியிருக்கிறார், விலங்கு, ஆள் பெயர், தொழில், காய்கறி என்று நாலு வகை, வகைக்கு 15. கேட்டவர்கள் திருப்பிச் சொல்லும்போது, கலைந்து வந்தவற்றை அவர்களாகவே கொத்துக் கொத்தாகச் சேர்த்துச் சொன்னார்கள். நாலு விலங்கு, அப்புறம் மூன்று காய்கறி, இப்படி. 1969இல் பௌவர் குழு செய்தது இன்னும் பிரமாதம். 112 சொற்கள். ஒரு கூட்டத்துக்குக் கிளை கிளையாகப் பிரித்துக் காட்டினார்கள்: கனிமம், அதில் உலோகம், கல் என்று இரண்டு, உலோகத்தில் அரியது, சாதாரணம், கலப்பு, அதற்கடியில் பிளாட்டினம், வெள்ளி, தங்கம் என்று இறங்கிக்கொண்டே போகும். இன்னொரு கூட்டத்துக்கு அதே சொற்களைத் தாறுமாறாக. ஒரே தடவை பார்த்ததும் முதல் கூட்டத்துக்குச் சராசரியாக 73 சொல் நினைவில் இருந்தது, இரண்டாவது கூட்டத்துக்கு 21 கூட வரவில்லை. மூன்றாவது தடவையில் முதல் கூட்டம் 112ஐயும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டது.

அப்படியென்றால் என் பெட்டி ஏன் வேலை செய்யவில்லை?

இதற்குப் பதில் அப்பாவிடம் கிடைத்தது. அவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பெட்டியைக் கையில் எடுத்து அறை அறையாகப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது நிகண்டுதானே" என்றார். நிகண்டு என்பது சொற்களை இனம் இனமாகத் தொகுத்த பழைய நூல். திவாகரம் என்ற நிகண்டில் இப்படித்தான் 12 தொகுதியாம், தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று வரிசையாக. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பையன்கள் சூடாமணி நிகண்டை அப்படியே நெட்டுருப் போடுவார்களாம். நான் உடனே, "பாருங்கப்பா, அவங்களுக்கெல்லாம் மனசுல நின்னுச்சே" என்றேன். "அவன் தமிழ்ப் பையன்டா. யானை அவனுக்குத் தெரியும். களிறு, வேழம், வாரணம், கரி எல்லாம் அந்த யானைக்கே இன்னொரு பெயர், பாட்டுக் கட்ட உதவும். யானைன்னா என்னன்னே தெரியாதவன் கையில நிகண்டைக் கொடுத்தா அவன் என்ன செய்வான்?" என்றார். அப்பாவுக்கு உற்சாகம் வந்தால் மகளும் "டா"தான்.

அப்புறம் அவர் போக்கில் போய்விட்டார், 1594இல் ரேவண சித்தர் அகராதி நிகண்டு செய்தபோதுதான் எழுத்து வரிசை வந்தது, அதுவரை சொல்லைத் தேட வேண்டுமென்றால் அது எந்தக் கூட்டத்துச் சொல் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும், வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியில் தொகைக்கென்றே, அதாவது கூட்டாகச் சொல்லும் பெயர்களுக்கென்றே, ஒரு பகுதி வைத்தார் என்று ஒரு மணி நேரம். காப்பி ஆறிவிட்டது. ஆனால் சொன்னது சரி. பௌவரின் 112 சொற்களும் படித்தவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொற்கள், அவர்கள் தாய்மொழிச் சொற்கள். பிளாட்டினம் என்றால் என்ன என்று அவர்கள் கற்றுக்கொள்ளவில்லை, பட்டியலில் அது இருந்ததா என்று மட்டும் நினைவுபடுத்தினார்கள். எனக்கு நடந்தது வேறு. லொஃபெல் என்ற ஓசையே புதிது, அதைக் கரண்டியோடு முடிச்சுப் போட வேண்டும், அந்த முடிச்சு இறுகும் முன்னாலேயே பக்கத்தில் இன்னும் இரண்டு முடிச்சு, மூன்று நூலும் சிக்கிக்கொண்டன.

இதையும் ஒருவர் சோதித்திருக்கிறார். டிங்க்ஹாம் என்பவர் 1993இல், புதுச் சொற்களைக் கற்கும்போது ஒரே இனத்துச் சொற்களைச் சேர்த்துக் கொடுத்தால் கற்பது தாமதமாகிறது, தொடர்பில்லாதவற்றைக் கலந்து கொடுத்தால் சீக்கிரம் வருகிறது என்று காட்டினார். 1997இல் வேரிங் ஜப்பானில் அதையே செய்து பார்த்து அதே முடிவுக்கு வந்தார். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் டிங்க்ஹாம் 1997இல் சொன்ன இன்னொன்று எனக்குப் பிடித்தது: இனம் சேர்க்காமல் காட்சி சேர்த்தால், அதாவது தவளை, குளம், நீந்துவது, பச்சை என்று ஒரே படத்தில் வருகிற மாதிரி சேர்த்தால், அது தடுக்காது, உதவும்.

இதை எங்கள் வீட்டில் அறுபது வருஷமாகச் செய்கிறார்கள். அம்மா மளிகைச் சாமானுக்குச் சீட்டு எழுதியதே இல்லை. கடையில் நின்று மடமடவென்று சொல்வாள், ஒன்று விடாது. எப்படி என்று கவனித்துப் பார்த்தேன். பருப்பு வகை, எண்ணெய் வகை என்று அவள் போவதில்லை. திங்கள்கிழமை இட்லி, அதற்கு உளுந்து, வெந்தயம், இட்லி அரிசி, நல்லெண்ணெய், தொட்டுக்கொள்ள பொட்டுக்கடலை, காய்ந்த மிளகாய். அப்புறம் சாம்பாருக்குத் துவரம்பருப்பு, புளி, பெருங்காயம். அடுப்பங்கரையில் நின்று சமைத்துக்கொண்டே சொல்கிறாள், அவ்வளவுதான். அஞ்சறைப் பெட்டியும் அப்படித்தானே. கடுகும் உளுத்தம்பருப்பும் ஒரே இனமா என்ன? எண்ணெய் காய்ந்தவுடன் இரண்டும் வேண்டும், அதனால் பக்கத்துப் பக்கத்தில். பெட்டியைச் செய்த கம்பெனிக்காரர்கள் அஞ்சறைப் பெட்டியின் அறைகளை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் புத்தியை விட்டுவிட்டார்கள்.

ஒரு வாரம் சோதித்துப் பார்த்தேன், ஆராய்ச்சி ஒன்றுமில்லை, என் ஒருத்தியின் கணக்கு. ஒரு நாள் இரவு பழ அறையிலிருந்து 20 அட்டை, இன்னொரு நாள் இரவு பத்து அறையிலிருந்து இரண்டிரண்டாக 20, இரண்டும் தெரியாத சொற்கள், இரண்டுக்கும் 40 நிமிஷம். மறுநாள் காலையில் படத்தை மட்டும் பார்த்துச் சொன்னதில் பழம் 9, கலவை 14. பழத்தில் ப்ஃபிர்ஸிஹ், ப்ஃப்லௌமே இரண்டும் இன்று வரை ஆளை மாற்றிக்கொண்டு வருகின்றன, பீச்சும் ப்ளம்மும் மதுரையில் தினமும் தின்கிற பழமா சொல்லுங்கள், முகமே சரியாகத் தெரியாது, பெயர் எங்கே நிற்கும். கலவையிலும் வில்லங்கம் இல்லாமல் இல்லை. செர்ரிப் பழம் கிர்ஷே, தேவாலயம் கிர்ஹே, இரண்டும் ஒரே இரவில் மாட்டிக்கொண்டன. கலைத்தால் இனச் சிக்கல் போகும், ஓசைச் சிக்கலுக்கு அது மருந்து இல்லை.

அதற்கப்புறம் பாயில் கொட்டி, நானே கட்டினேன். நைட் டியூட்டிக் கட்டு ஒன்று: கட்டில், நோயாளி, காய்ச்சல், அளப்பது, மாத்திரை, தண்ணீர், டம்ளர், விழுங்குவது, இரவு, தூங்குவது. இதில் அளப்பது என்பது மெஸ்ஸன், கத்தி மெஸ்ஸருக்குப் பக்கத்து வீடு, ஆனால் கட்டிலருகே காய்ச்சல் பார்க்கிற காட்சிக்குள் கத்திக்கு என்ன வேலை, அதனால் குழம்பவே இல்லை. கரண்டி, முள்கரண்டி, கத்தி மூன்றையும் மூன்று கட்டுகளில் பிரித்துப் போட்டேன், கரண்டி மருந்து ஊற்றுகிற கட்டுக்குள், கத்தி காய் நறுக்குகிற கட்டுக்குள். இரண்டு வாரம் கழித்து, தனித்தனியாக நன்றாகப் பதிந்தபின், சேர்த்து வைத்துப் பார்த்தேன், சண்டையில்லை.

இன்னொன்றும் புரிந்தது, இதுதான் எனக்குப் பெரிய விஷயம். எந்தச் சொல்லை எந்தக் கட்டுக்குள் போடுவது என்று பாயில் உட்கார்ந்து யோசித்த அந்த இரண்டு மணி நேரத்திலேயே பாதிச் சொல் ஏறிவிட்டது, மனப்பாடம் என்று உட்காரவே இல்லை. மாண்ட்லர் என்பவர் 1967இலேயே இதைப் பார்த்திருக்கிறார். சொற்கள் எழுதிய அட்டைகளை உங்கள் இஷ்டப்படி வகை பிரியுங்கள் என்று மட்டும் சொல்லப்பட்டவர்கள், மனப்பாடம் செய்யுங்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்குச் சமமாக நினைவில் வைத்திருந்தார்கள். அடுக்குகிற வேலையில்தான் சத்து. அந்த வேலையை இந்தப் பெட்டிக்காரர்கள் தாங்களே செய்துவிட்டு, அதற்கும் சேர்த்து நம்மிடம் காசு வாங்குகிறார்கள். அரிசியை நமக்குப் பதிலாக மென்றுவிட்டுக் கொடுத்த மாதிரி.

அறை வாரியாகப் படிப்பதில் மாட்டிக்கொண்ட இன்னொரு இடம். அறையின் பெயர் கண்ணில் பட்டால் சொற்கள் வரும், படாவிட்டால் வராது. பெயரைச் சொன்னால் உள்ளே இருப்பவை வெளியே வருகின்றன என்பதை டல்விங், பேர்ல்ஸ்டன் இருவரும் 1966இலேயே காட்டிவிட்டார்கள், சொல் உள்ளே இருப்பது வேறு, கைக்கு எட்டுவது வேறு. நோயாளி, "உடல் உறுப்புகள், அறை எண் 7" என்று அறிவித்துவிட்டா எனக்கு இங்கே வலிக்கிறது என்பார்?

அப்புறம் தலையணைக் கதை. படுக்கையறை அறையை மூடி வைத்துவிட்டு உள்ளே என்னென்ன என்று சொல்லிப் பார்த்தேன். கட்டில், போர்வை, அலமாரி, விளக்கு, தலையணை, கடிகாரம். தலையணை டாஸ் கிஸ்ஸன், அட்டையின் படம் கூட கண்ணில் நிற்கிறது, வெள்ளை உறை. திறந்து பார்த்தால் அப்படி ஓர் அட்டையே இல்லை. தொலைந்துவிட்டதோ என்று கட்டிலுக்கடியில் எல்லாம் தேடி, கடைசியில் பெட்டியோடு வந்த பட்டியலைப் பார்த்தேன், அவர்கள் போடவே இல்லை. சொல் வகுப்பில் படித்தது, அட்டை என் மனசு அச்சடித்தது. இதற்கும் பெயர் பெற்ற ஆய்வு உண்டு, ரோடிகர், மெக்டெர்மட், 1995. படுக்கை, ஓய்வு, களைப்பு, கனவு என்று பட்டியல் படித்தால், அதில் இல்லாத தூக்கத்தையும் கேட்டதாகப் பலர் அடித்துச் சொல்வார்கள். ஆய்வு இருக்கட்டும், எனக்கு ஆத்திரம் வேறு. படுக்கையறைக்கு 25 சொல் பொறுக்கும்போது கம்பளத்துக்கு இடம் இருக்கிறது, தலையணைக்கு இல்லையா?

மற்றவை சுருக்கமாக. அட்டை கனம், ஓரம் வளைவு, இரண்டு மாதம் டியூட்டிப் பையில் கிடந்தும் பிரியவில்லை. ஆண்பால் நீலம், பெண்பால் சிவப்பு, மூன்றாவது பச்சை, இது அருமை, கண்ணை மூடினால் நிறம் வருகிறது. ஆனால் வெண்ணெயை நீலத்தில் அடித்திருக்கிறார்கள், அது டீ புட்டர், சிவப்பில் வரவேண்டும், நான் பார்த்த வரை இப்படி மூன்று அட்டை. எழுதிக் கேட்டேன், ஒன்பது நாள் கழித்து மன்னிப்பு வந்தது, அட்டை வரவில்லை. வினைச்சொல் எல்லாவற்றையும் கடைசி இரண்டு அறையில் தள்ளியிருக்கிறார்கள், பெயர்ச்சொல்லைப் பிரிந்து வினை தனியாக நின்றால் காட்சி எங்கிருந்து வரும். உச்சரிப்புக்கு ஒரு ஆப் உண்டு, ஸ்கேன் செய்தால் பேசும், வார்டில் நெட் இல்லாவிட்டால் பேசாது. பொருள் ஆங்கிலத்தில் மட்டும். நான் பென்சிலால் தமிழில் எழுதிக்கொண்டேன்.

யாருக்கு? ஏ1 முடித்து, சொற்கள் ஓரளவு தெரிந்து, தேர்வுக்கு முன்னால் ஒரு ஓட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த அறை அமைப்பு அப்படியே பொருந்தும், அப்போது நிகண்டு நிகண்டாக வேலை செய்யும். புதிதாகத் தொடங்குபவர்கள் வாங்கினால் அட்டைக்காக வாங்குங்கள், அறைக்காக அல்ல. காசு இடிக்கிறது என்றால் நூறு ரூபாய்க்கு வெற்று அட்டையும் மூன்று நிற ஸ்கெட்ச் பேனாவும் போதும், எழுதுகிற நேரம் லாபம்.

என் 600 அட்டை இப்போது ரப்பர் பேண்ட் போட்டு முறுக்கு டின்னில் இருக்கிறது, 24 அறை உள்ள காலிப் பெட்டியை அம்மா நூல்கண்டுக்கும் பட்டனுக்கும் எடுத்துக்கொண்டாள். ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். தலையணை இருந்திருந்தால் மூன்றரை.